ஐம்பது கிலோ

ரெண்டாவது பாட்டிலும் முடிஞ்சுது. தங்கச்சி தேவகி கேன்டீன்ல இருந்து முட்டை வாங்கிட்டு வர்றதுக்குள்ள காலி பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடணும், இடது கையால, ஏன்னா வலது கைன்னு ஒண்ணு இப்ப கிடையாது, வெந்து, முழங்கையில மடங்கி, வெள்ளைத் துணி சுத்தி, நெஞ்சு மேல கிடக்கற சாமான் ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். முக்கால் லிட்டரும் முக்கால் லிட்டரும் ஒண்ணரை. ஒண்ணரை லிட்டர் தண்ணி ஒண்ணரைக் கிலோ. போன திங்கக்கிழமை நாற்பத்தொன்பது புள்ளி ஒண்ணு. இந்த வாரம் அதுக்கும் கீழதான் இருக்கும், எனக்குத் தெரியும், புரண்டு படுத்தா இடுப்பெலும்பு மெத்தையில குத்துது. நாற்பத்தெட்டரைன்னு வெச்சுக்கோ, கூட ஒண்ணரை, ஐம்பது. டாக்டர் ஃபர்ஹானா கேட்டது அந்த ஐம்பதுதான். "ஐம்பது வந்தா நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர், குமுதவல்லி. முழங்கையில தோல் வெச்சிடலாம். வரலைன்னா அடுத்த முறை எப்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது, பத்து நாளோ பதினஞ்சு நாளோ. அதுக்குள்ள மூட்டு இப்படியே இறுகிடும்." இப்படியேன்னு சொல்லும்போது தன் கையை மடக்கிக் காட்டினாங்க. எனக்கு நாற்பத்தொரு வயசு. இருபத்தஞ்சு வருஷமா பாரம் தூக்கறேன், தூக்கக் கத்துக்குடுக்கறேன். இதுல மத்ததெல்லாம் அப்புறம், பார் தலைக்கு மேல போனதும் முழங்கை நேரா நின்னு பூட்டிக்கணும். துளி மடங்கினாலும் நடுவர் சிவப்பு விளக்கைப் போட்டுடுவார். மடங்கின கையோட ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போய் எந்தப் பொண்ணைப் பாத்து முழங்கையைப் பூட்டுடின்னு சொல்றது? சொன்னா அவ என் கையைத்தான் பாப்பா.

ஒன்பதரை. பத்து மணிக்கு ரவுண்ட்ஸ். அரை மணி நேரம் தாங்கணும். அடிவயித்துல இப்பவே ஒரு கனம் வந்து உக்காந்துக்கிச்சு. எடை பாக்கற காலைங்கறது எனக்குப் புதுசா என்ன? எங்க ஊர் வேலூர்ப் பக்கம், தெருவுக்கு ரெண்டு பேர் பாரம் தூக்கறவங்க, அதுல ஒருத்தராவது எடை பாக்கற அன்னிக்குக் காலையில பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கிட்டு வேகாத வெயில்ல ஓடியிருப்பாங்க. ஐம்பத்து மூணு கிலோ பிரிவுல நிக்கணும்னா ஐம்பத்து மூணுக்கு மேல ஒரு கிராம் இருக்கக் கூடாது. மூணு நாள் உப்பில்லாம சாப்பிட்டு, புளியைச் சப்பிச் சப்பி எச்சிலைத் துண்டுல துப்பி, தலைமுடியைக் கூட வெட்டியிருக்கேன் ஒரு தடவை, நூறு கிராமுக்காக. தண்ணியைப் பாத்தா நாக்கு வெளிய வரும், குடிக்க மாட்டேன். இன்னிக்கு என்னடான்னா வேண்டாம் வேண்டாம்னு தொண்டை சொல்லச் சொல்ல ஊத்திக்கிட்டேன். அன்னிக்குக் குறைச்சுக் காட்டறதுக்குத் திருட்டுத்தனம், இன்னிக்குக் கூட்டிக் காட்டறதுக்கு. எப்படியும் என் உடம்பு எனக்கு நிஜத்தைச் சொல்லி நான் கேட்டதே இல்ல போல. இந்த வித்தையெல்லாம் டாக்டருக்குத் தெரியாது. அவங்க படிச்சது தோல் வேலை. எடை மெஷின்கிட்டப் பொய் சொல்றதுல நான்தான் பெரிய படிப்பு.

காலை இறுக்கி வெச்சுக்கறேன். இறுக்க என்ன இருக்கு, தொடைன்னு சொன்ன இடத்துல இப்ப தோல்தான் தொங்குது. இந்தத் தொடைக்காக அம்மா என்னைப் பேசாத பேச்சில்ல. பொம்பளைப் புள்ளைக்கு இப்படியா தொடை இருக்கும், சுடிதார் தைக்கறவன் சிரிக்கறான்னு. இப்ப வந்து பாக்கச் சொல்லணும். பாக்க அவ இல்ல. அறுபது கிலோவோட இந்தக் கட்டில்ல வந்து விழுந்தேன், ஆறு வாரம் ஆச்சு. பதினோரு கிலோ எங்க போச்சுன்னு கேட்டேன் ஒரு நாள். டாக்டர் ஃபர்ஹானா ஒரு சீட்டைத் திருப்பி அதோட முதுகுல ரெண்டு கட்டம் போட்டாங்க, ஒண்ணு சதை, ஒண்ணு தோல், நடுவுல ஒரு அம்பு. "உங்க உடம்பு இன்னும் அந்தப் பயத்துலயே இருக்கு. ஆபத்துல சுரக்கற ஹார்மோன் இருக்கில்ல, அது நிக்கவே மாட்டேங்குது. அது என்ன பண்ணுதுன்னா, சதையை உருக்கி, அதுல இருக்கற புரதத்தைத் தோலுக்கு அனுப்புது. புண்ணு ஆறணுமேன்னு." அப்ப முட்டை எதுக்கு, தினம் ஆறு வெள்ளைக்கரு திங்கறேனேன்னேன். "முட்டை வரும்படி. ஆனா செலவு அதைவிட ஜாஸ்தி. உருக்கற ஹார்மோன் ஒரு பக்கம் இழுத்தா, கட்டற ஹார்மோன் இன்னொரு பக்கம் இழுக்கணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. இது போனா சதையும் நிக்கும், தோல் எடுத்த இடமும் சீக்கிரம் ஆறும்." அந்தக் கட்டற ஹார்மோன்னா என்னன்னு கேட்டேன். கேட்கும்போதே தெரியும். "ஆம்பளைங்க ஹார்மோன் வகைதான், ஆனா பயப்படாதீங்க, அளவு கம்மி, தினம் பாத்துக்கிட்டேதான் குடுப்போம்." நல்லவங்க. ஒளிக்காம சொன்னாங்க. ஒளிக்காம சொன்னதுதான் எனக்கு ஆகல. தலையை ஆட்டிட்டு, அவங்க போனதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

ஆனா அதுக்கு முந்தின நாளே எப்சிபா சிஸ்டர் அதைக் கொண்டு வந்துட்டாங்க. சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்துல மத்த மாத்திரையோட வெள்ளையா ரெண்டு. இது என்ன சிஸ்டர் புதுசான்னேன். "சத்து மாத்திரைம்மா, போட்டுக்குங்க." அவங்க மேல தப்பில்ல, முப்பது பேருக்கு மாத்திரை குடுக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் பாடமா எடுப்பாங்க. ஆனா அந்த ஒரு வார்த்தை. சத்து மாத்திரை. என் கோச் ஏகாம்பரம் சார் அதே வார்த்தையைத்தான் சொன்னார், எனக்குப் பத்தொன்பது வயசுல, பாட்டியாலா கேம்ப்புக்கு முந்தின மாசம், உள்ளங்கையில வெச்சு நீட்டினார். சத்து மாத்திரை குமுதா, பால்ல போட்டுக்கோ. அப்புறம் அது ஊசியாச்சு, சத்து ஊசி. மசாஜ் பண்ற ரமணியம்மா ஒரு நாள் கதவைத் திறந்தவங்க, ஊசி பாதி ஏறியிருக்கு, என்னைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க, நான் எதையும் பாக்கலம்மான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. மூணு மாசத்துல எண்பத்தஞ்சு தூக்கினேன். வீட்டுக்குத் தூரமாகறது நின்னு போச்சு. தாடையில முடி. குரல் உடைஞ்சுது, பையனுங்களுக்கு உடையற மாதிரி, அப்புறம் சேரவே இல்ல. ஊக்கமருந்துச் சோதனையில மாட்டினேன், ரெண்டு வருஷம் தடை. ஏகாம்பரம் சார் கமிட்டி முன்னால உக்காந்து, இந்தப் பொண்ணு தானா வாங்கிப் போட்டுக்கிச்சு, எனக்கு எதுவும் தெரியாதுன்னார். கண்ணுல தண்ணி வேற வந்துச்சு அவருக்கு. இப்ப பெரிய பதவியில இருக்கார், நல்லா இருக்கட்டும், நாசமாப் போகட்டும். எனக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணாங்க. நான் ஹலோன்னதும், "தம்பி, அக்காகிட்டக் குடுப்பா"ன்னாங்க. குடுக்கறேன்னு சொல்லி ரிசீவரைக் கீழ வெச்சுட்டுப் போயிட்டேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அதனால கிண்ணத்தைச் சிஸ்டர் வெச்சுட்டு அடுத்த கட்டிலுக்குப் போனதும், அந்த ரெண்டை மட்டும் எடுத்து மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள போட்டேன். அன்னிக்கும், மறுநாளும், அதுக்கு மறுநாளும். பதினோரு நாள். இருபத்திரண்டு. வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னா ஏன்னு கேப்பாங்க, கேட்டா அந்தப் பழைய அசிங்கத்தைத் தோண்டி எடுத்து இந்த வார்டு நடுவுல போடணும். யாருக்கும் தெரியாது இங்க. ஹாஸ்டல்லயும் புள்ளைங்களுக்குத் தெரியாது. அதுங்களுக்கு நான் போட்ட சட்டமே ஒண்ணுதான், யார் குடுத்தாலும், நானே குடுத்தாலும், எதுன்னு கேக்காம ஒரு மாத்திரை முழுங்கக் கூடாது. போன வாரம் நாலு பேர் பாக்க வந்தாங்க. மோனிஷா, வாய்க்காரி, அவதான் அந்தக் கிண்ணத்தைக் குனிஞ்சு பாத்துட்டு, "மிஸ், இது எதுக்கு, இது எதுக்கு"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. வலிக்கு, புண்ணுக்கு, அல்சருக்குன்னேன். "இந்த வெள்ளை?" சத்து மாத்திரைடின்னேன். என் வாயால. அவ தலையாட்டிட்டா. மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தலையாட்டிட்டா, பாவி. அன்னியில இருந்து சோறு இறங்கல எனக்கு.

பத்து ஆகப் போகுது, டாக்டரைக் காணோம். இப்ப கனம் இல்ல, முட்டுது. வேற எதையாவது நினைக்கணும். எதை நினைச்சாலும் தண்ணிதான் வருது. என்னைச் சுட்ட அந்தப் பாத்திரத்துலயும் தண்ணிதான். நாற்பத்தாறு புள்ளைங்களுக்கு நாற்பத்தாறு முட்டை, இருபத்தஞ்சு லிட்டர் அண்டா. சமையல் அஞ்சலை அக்கா அன்னிக்கு லேட்டு. புள்ளைங்க கிரவுண்டுல இருந்து வந்துடுமேன்னு நானே அடுப்பை அணைச்சேன். அண்டாவோட ஒரு பக்கத்துக் காது எப்பவோ ஆடிப்போய், கட்டுக்கம்பி போட்டுச் சுத்தி வெச்சிருந்தது. புது அண்டா வேணும்னு மூணு தடவை எழுதிப் போட்டேன், வரும் வரும்னாங்க. ரெண்டு பேர் தூக்கற அண்டா. வாட்ச்மேன் வரட்டும் மிஸ்னு மோனிஷா சொன்னா. இருபத்தஞ்சு கிலோவுக்கு வாட்ச்மேனாடின்னு சிரிச்சேன். காலை அகட்டி நின்னு, முதுகை நேரா வெச்சு, புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரியே ஒழுங்காத் தூக்கினேன், அதுல ஒரு குறை சொல்ல முடியாது. கம்பி அறுந்துது. வலது கை, வயிறு, வலது தொடை. முட்டையெல்லாம் தரையில உருண்டு ஓடிச்சு. வலி அப்புறம்தான் வந்துச்சு, முதல்ல வந்தது வெக்கம். தூக்கும்போது கீழ போட்டுட்டாளே, அதுவும் புள்ளைங்க முன்னாலன்னு. கிடந்த இடத்துல இருந்து அதுங்க மூஞ்சியைத்தான் பாத்தேன்.

தேவகி வந்துட்டா, முட்டைப் பொட்டலத்தோட. புருஷன் புள்ளையை விட்டுட்டு ஆறு வாரமா இந்தப் பெஞ்சுல படுத்திருக்கா. ஓட்டை உரிச்சு மஞ்சளை எடுத்துத் தன் வாயில போட்டுக்கிட்டு வெள்ளையை எனக்கு நீட்டறா. பக்கத்துக் கட்டில் பொண்ணோட மாமியார் வழக்கம்போல முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, முட்டை போனா சீழ் வெக்கும், சொன்னா யார் கேக்கறாங்கன்னு கஞ்சி டம்ளரை ஆத்திக்கிட்டிருக்கு. அந்த மருமகளுக்கு ஆறு வாரமா கஞ்சிதான். முட்டையை ஒளிச்சு வெச்சு மருமகளைக் காயப்போடறியேன்னு ஒரு நாள் அந்தம்மாவை நான் சத்தம் கூடப் போட்டேன். நான் போட்டேன் சத்தம், கண்ணாடிக் கூட்டைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு. "ஏன்க்கா இப்படி வேர்க்குது உனக்கு?"ங்கறா தேவகி. ஒண்ணுமில்லடி. "பாத்ரூம் போணுமா?" வேண்டாம். வேண்டாம்னேனில்ல. அவ என்னைப் பாக்கறா, கட்டிலுக்கடியில பாக்கறா, ரெண்டு பாட்டிலும் கிடக்கு. புரிஞ்சுக்கிட்டா. அவளுக்கும் வேலூர்தானே ஊர். பாட்டிலை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டா.

பத்து இருபதுக்கு டாக்டர் ஃபர்ஹானா வந்தாங்க. எப்சிபா சிஸ்டர் மெஷினை உருட்டிட்டு வந்தாங்க. எழுந்து நிக்கறதுக்குள்ள உயிர் போய் வந்துச்சு, சிந்திடக் கூடாது, ஒரு சொட்டு கூட. ஏறினேன். சிவப்பு எழுத்து நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பது புள்ளி மூணுன்னு ஓடி ஐம்பது புள்ளி ஒண்ணுல நின்னுச்சு. இந்த ஒரு கணத்துல எத்தனை தடவை நின்னிருக்கேன், நெஞ்சு குளிராம இருந்ததே இல்ல, இப்பவும் அப்படியே குளிர்ந்துச்சு. டாக்டர் சிரிச்சாங்க. ஆறு வாரத்துல இந்தச் சிரிப்பைப் பாத்ததில்ல. "பாத்தீங்களா, மாத்திரை பிடிச்சுக்கிச்சு. நான்தான் அவசரப்பட்டு என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். உடம்பு இப்ப தாங்கும் குமுதவல்லி. அப்ப ஒண்ணு பண்றேன், முழங்கையோட வயித்துக்கும் நாளைக்கே சேர்த்து வெச்சிடறேன். ரெண்டு தொடையிலயும் நல்ல இடமாப் பாத்துத் தோல் எடுத்துக்கலாம். தனித்தனியா ரெண்டு தடவை எதுக்கு அவஸ்தை?" சரி டாக்டர்னேன். என்னால வேற என்ன சொல்ல முடியும்? பக்கத்துக் கட்டிலைப் பாத்து, "இவங்களுக்கும் இதையே ஆரம்பிச்சுப் பாக்கலாம், இங்க நல்லா வேலை செஞ்சிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே நகர்ந்துட்டாங்க.

தேவகி தாங்கிப் பிடிச்சுக்க, பாத்ரூம்ல உக்காந்தேன். போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. ஐம்பது கிலோ அந்தப் பீங்கான்ல சத்தம் போட்டுக்கிட்டு இறங்கினதை நானே கேட்டேன். அந்த நிம்மதி அடங்கினதும்தான் பயம் வந்துச்சு, நல்லா, முழுசா. இடது தொடையில ஒரு தடவை எடுத்தாங்க, உள்ளங்கை ரெண்டு அகலம். பத்து நாள் பன்னெண்டு நாள்ல ஆறிடும்னாங்க. இருபத்தாறு நாள் ஆகியும் ஓரத்துல இன்னும் ஈரம். ஆற வைக்கச் சதை இல்ல, அதான். உருக்கறதுக்கும் இனிமே எதுவும் இல்ல. இப்ப ரெண்டு தொடையிலயும் எடுத்தா அந்தத் தோலை எதை வெச்சு வளர்க்கும் இந்த உடம்பு? வெச்ச தோலும் நிக்காது, எடுத்த இடமும் ஆறாது. கை நேராகறது இருக்கட்டும், கட்டிலை விட்டு இறங்குவேனா? எப்ப நிறுத்தினேன் நான், சிவப்பு விளக்கு வந்துடுமோன்னு மட்டுமே யோசிக்கறதை? போதாததுக்கு அந்தக் கஞ்சிப் பொண்ணுக்கு என்னைக் காட்டி வைத்தியம் ஆரம்பிக்கறாங்க. எனக்கு நல்லா வேலை செஞ்சிருக்காம். ஏகாம்பரம் சார் கமிட்டி முன்னால உக்காந்த மாதிரிதான் நான் அந்த மெஷின் மேல நின்னேன். அவராவது அழுதார்.

திரும்பி வர்ற வழியில மெஷின் நடையிலயே நின்னுச்சு. தேவகி கையை விட்டுட்டு ஏறினேன். நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது. தலையை நிமிர்த்தினா எப்சிபா சிஸ்டர், கையில ஊசித் தட்டோட, அந்த எழுத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. என் கையைப் பாத்தாங்க, மடங்கின கையை. அவங்க முகம் இளகிப் போச்சு. குரலைத் தாழ்த்தி, "இறங்குங்க மிஸ். நாளைக்குத் தியேட்டர் கிடைச்சிருக்கு. நான் எதையும் பாக்கல"ன்னாங்க. எனக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் சொன்னாங்க, அது எனக்குத் தெரியும். ரமணியம்மாவும் அப்படி நினைச்சுத்தான் கதவைச் சாத்தியிருப்பாங்க. டாக்டர் வார்டோட அந்தக் கடைசியில, வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டிருந்தாங்க. டாக்டர்னு கூப்பிட்டேன். கூப்பிட்டா வர்ற குரல் எது? அதுதான், ஏகாம்பரம் சார் போட்ட அந்தக் குரல், ஒரு கிரவுண்டு முழுக்கக் கேக்கும், புள்ளைங்க என் முதுகுக்குப் பின்னால பேசிக் காட்டுமே, அது. முப்பது கட்டிலும் திரும்பிப் பாத்துச்சு. டாக்டரும் திரும்பினாங்க.

கண்ணாடிக் கூட்டை எடுத்துட்டு வாடின்னேன் தேவகிகிட்ட. டாக்டர் பக்கத்துல வந்ததும் அவங்க கையில குடுத்தேன். திறந்து பாத்தாங்க. விரலால தள்ளித் தள்ளி எண்ணினாங்க, கடைசி வரைக்கும். மெஷினைப் பாத்தாங்க, நான் இன்னும் அதும் மேலதான் நின்னேன். பத்தொன்பது வயசுல குடுத்தாங்க டாக்டர், இதே சத்து மாத்திரைன்னு, என் குரலைப் பாருங்கன்னேன். டாக்டருக்குக் கோவம், அதை மறைக்கவும் இல்ல. "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா வேற வழி யோசிச்சிருப்பேன். பதினோரு நாள் போச்சு"ன்னாங்க. அப்புறம், "நாளைக்குத் தியேட்டர் கிடையாது." தெரியும் டாக்டர். "கைக்கு நான் உறுதி சொல்ல முடியாது." தெரியும். கூட்டுல இருந்து ஒண்ணை எடுத்து, இது என்ன மாத்திரைன்னு முழுப் பேரைச் சொன்னாங்க, எவ்வளவு அளவு, எத்தனை நாள், குரலுக்கு என்ன ஆகலாம், என்ன ஆகாதுன்னு ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. நான் நின்னு கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்ல. அந்த மாத்திரைக்கு இடது கையை நீட்டினேன். தேவகி பைக்குள்ள இருந்து ஒரு பாட்டிலை எடுத்து, குழாயடிக்கு ஓடிப் போய் வழிய வழிய நிறைச்சுட்டு வந்தா. ஒரு மடக்கு போதும்டின்னேன்.